ஒசாகாவில் நண்பர்களோடு ஊர்சுற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் விசா, விடுதி, உதவித்தொகை எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "சனி, ஞாயிறு என்ன செய்வீர்கள்?" நான் பரிமாற்றத் திட்டத்தில் ஒசாகாவின் வடக்குப் புறநகரில் ஓராண்டு தங்கிப் படித்தேன். ஊர்சுற்றுவதில் நாங்கள் நால்வர் கூட்டு: ஹனோயிலிருந்து வந்த தோழி, ஜகார்த்தாக்காரர் ஒருவர், ஒசாகாவிலேயே பிறந்து வளர்ந்த வகுப்புத் தோழி, நான். அந்த ஓராண்டுக்குப் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டணங்கள் நான் அங்கே இருந்த காலத்தவை.

ஒசாகாவில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? கியோட்டோவுக்கே போய்விடலாமே?

கோயில் பார்க்க வேண்டுமானால் கியோட்டோவுக்குத்தான் போக வேண்டும். ரயிலில் அரை மணி நேரம். ஒசாகாவில் பட்டியல் போட்டுப் பார்த்து முடிக்கும் இடங்கள் குறைவு. இது வணிகர்களின் ஊர். தொகுகாவா குடும்பத்தினர் ஆண்ட எடோ காலத்தில் நாடெங்கும் விளைந்த அரிசி இங்கே வந்து குவிந்ததால் 'நாட்டின் அடுக்களை' என்று பெயர். தோஜிமா அரிசிச் சந்தையில், இன்னும் கைக்கு வராத அரிசிக்கு விலை பேசும் முன்பேர வணிகத்துக்கு 1730ஆம் ஆண்டிலேயே அரசு அனுமதி கிடைத்துவிட்டது. கியோட்டோக்காரர் உடுத்தியே ஓட்டாண்டி ஆவார், ஒசாகாக்காரர் தின்றே ஓட்டாண்டி ஆவார் என்று ஒரு பழமொழி உண்டு. அதிலிருந்து வந்த 'குய்தாவோரே' என்ற சொல்லை இந்த ஊர்க்காரர்கள் பட்டம்போலச் சூடிக்கொள்கிறார்கள்.

ஆகவே இங்கே தனியாகப் போனால் பாதி ஊர்தான் தெரியும். ஒரு தட்டு வாங்கி நான்கு பேர் பங்கு போட்டு, அடுத்த கடைக்கு நடந்து, அங்கே இன்னொரு தட்டு வாங்க வேண்டும். அப்படி நடக்கும்போதுதான் இந்த ஊர் பிடிபடும்.

எத்தனை பேராகப் போவது நல்லது?

நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்தாலே சிக்கல்தான். நல்ல கடைகளில் பாதி, எட்டுப் பத்து நாற்காலி மட்டுமே போட்ட, சமையல் மேடையை ஒட்டி உட்காரும் கடைகள். வகுப்பில் பதினொரு பேர் சேர்ந்து கிளம்பிய ஒரு சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, எல்லா ஊரிலும் இருக்கிற ஒரு பர்கர் கடையில் போய் உட்கார்ந்தோம்.

கூட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தால் நல்லது. ஆனால் அவரை மொழிபெயர்ப்பாளராகவே வைத்து வேலை வாங்காதீர்கள். எங்கள் தோழி மூன்றாவது வாரமே சொல்லிவிட்டார்: "இன்று நான் வாய் திறக்க மாட்டேன், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்." அன்றுதான் எங்களுக்கு ஜப்பானிய மொழி கொஞ்சம் வாயில் வந்தது.

எல்லோரும் எங்கே கூடுவது? ஸ்டேஷனில் சந்திக்கலாமா?

நகரின் வடக்கே ரயில்கள் எல்லாம் வந்து கூடும் வட்டாரம் உமேதா. 'உமேதா ஸ்டேஷனில் சந்திப்போம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வே தன் நிலையத்தை 'ஒசாகா' என்கிறது. ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற தனியார் ரயில்கள் தங்கள் நிலையங்களை 'ஒசாகா-உமேதா' என்கின்றன. மெட்ரோவில் உமேதா, ஹிகாஷி-உமேதா, நிஷி-உமேதா என்று மூன்று. இவை எல்லாம் ஒரே வட்டாரத்தில், தரைக்கடியில் நீளும் கடைத்தெருக்களால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பூமிக்குக் கீழே போனபின் கைப்பேசி வரைபடத்தின் நீலப் புள்ளியை நம்ப முடியாது.

எங்கள் முதல் சந்திப்பில் நால்வரும் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டோம், நான்கு வெவ்வேறு உமேதாக்களுக்கு. நாற்பது நிமிடம் ஒருவரை ஒருவர் தேடினோம். "நான் ஒரு ரொட்டிக் கடைக்கு முன்னால் நிற்கிறேன்" என்று ஜகார்த்தா நண்பர் செய்தி அனுப்பினார். உமேதாவின் அடியில் ரொட்டிக் கடைக்கு முன்னால் நிற்பது, தி. நகரில் துணிக்கடைக்கு முன்னால் நிற்பது மாதிரி.

ஊர்க்காரர்கள் சொல்லும் இடம் ஒன்று உண்டு: ஹான்க்யூ நிலையத்தில் கிநோகுனியா புத்தகக் கடையை ஒட்டிய 'பிக்மேன்' என்ற பெரிய திரை. பல்லாண்டுகளாக ஒசாகாவின் காதலர்களும் கல்லூரி நண்பர்களும் காத்து நிற்கும் இடம் அது. தெற்கே போனால் நம்பாவிலும் இதே கதைதான். அங்கே ஜே.ஆர். நம்பா மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியே இருக்கிறது. எந்த ரயில், எந்த வாசல் எண் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

ரயிலில் வழி தவறாமல் இருக்க என்ன செய்யலாம்?

தவறத்தான் செய்யும். எங்கே தவறும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நகரைச் சுற்றி வரும் ஜே.ஆர். லூப் லைனில் 19 நிலையங்கள். வட்டமாகச் சுற்றும் பாதைதானே, எதில் ஏறினாலும் வந்து சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகள் எல்லாமே சுற்றுவதில்லை. சில வண்டிகள் பாதி வட்டம் வந்துவிட்டு, டென்னோஜியோடு பிரிந்து நாராவுக்கோ விமான நிலையத்துக்கோ போய்விடும். முகப்பில் எழுதியிருக்கும் ஊரைப் படிக்காமல் ஏறக் கூடாது.

இதைவிடப் பெரிய பொறி விமான நிலையத்துக்குப் போகும் ஜே.ஆர். விரைவு வண்டி. ஒரே வண்டியாகத்தான் வந்து நிற்கும். ஹிநேனோ என்ற நிலையத்தில் இரண்டாகக் கழற்றுவார்கள். ஒரு பாதி கடல் தாண்டி விமான நிலையத்துக்கு, மறுபாதி வாகாயாமா பக்கம். ஹனோய்த் தோழியின் தங்கையை வழியனுப்பப் போனபோது நாங்கள் வாகாயாமாப் பாதியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தோம். எதிரில் இருந்த பாட்டி எங்கள் பெட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து முன்பக்கம் கையைக் காட்டினார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் ஓடினோம். பாட்டி ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

எந்த அட்டை வாங்குவது? ஜப்பான் ரயில் பாஸ் கிடைக்குமா?

ரயில் பாஸ் குறுகிய காலச் சுற்றுலாவாகப் போகும் வெளிநாட்டவருக்கு. மாணவர் விசாவில் போனவர்களுக்குக் கிடையாது. விமானம் ஏறும் முன்பே ஆசையை விட்டுவிடலாம். தினசரிப் பயணத்துக்கு இகோகா அட்டை வாங்குங்கள். 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணம் போக 1,500க்குப் பயணம் செய்யலாம். 'இகோகா' என்றால் ஒசாகா வழக்கில் 'போகலாமா?' என்று பொருள். அட்டைக்குப் பெயர் வைத்தவருக்கு இந்த ஊர்க் குறும்பு தெரிந்திருக்கிறது.

வார இறுதியில் மெட்ரோவில் நாள் முழுவதும் சுற்ற 'என்ஜாய் எக்கோ கார்டு' 620 யென். மற்ற நாட்களில் 820. மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணமே 190 என்பதால் வார இறுதியில் நான்கு முறை ஏறினாலே லாபம். ஆனால் அது மெட்ரோவுக்கும் நகரப் பேருந்துக்கும்தான், ஜே.ஆர். ரயிலில் செல்லாது.

எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்பது?

வலப்பக்கம். டோக்கியோவில் இடப்பக்கம். நின்றபடியே போகுங்கள், நடக்காதீர்கள் என்று ரயில்காரர்கள் ஒட்டி வைத்திருக்கும் அறிவிப்பை இரண்டு ஊர்க்காரர்களும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

முதல் சனிக்கிழமை எங்கே தொடங்கலாம்?

கால்வாய்க் கரையில் விளக்குப் பலகைகள் மின்னும் டோட்டன்போரியில் தொடங்காதீர்கள். அது இருட்டிய பிறகு போக வேண்டிய இடம். தென்ஜின்பாஷிசுஜி ரொக்குச்சோமே நிலையத்தில் இறங்கி, கூரை போட்ட கடைத்தெருவில் தெற்கு நோக்கி நடங்கள். 2.6 கிலோமீட்டர். ஜப்பானிலேயே நீளமான கடைத்தெரு என்று சொல்கிறார்கள். மருந்துக்கடை, பழைய புத்தகக் கடை, தேநீர்த் தூள் கடை, நூறு யென் கடை, பாட்டிகளுக்கான பூப்போட்ட சட்டைக் கடை. இதில் எதுவும் சுற்றுலாப் பயணிக்காக வைத்ததல்ல. வழியில் ஒசாகா தென்மாங்கூ கோயில் வரும். கல்விக்குரிய தெய்வம் என்பதால் தேர்வுக் காலத்தில் மாணவர் கூட்டம் அதிகம். ஜூலை 24, 25 தேதிகளில் இந்தக் கோயிலின் தென்ஜின் திருவிழா; 25ஆம் தேதி மாலை தெய்வம் படகேறும், இரவில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. கால் வைக்க இடம் இருக்காது. ஒரு முறை போய்த்தான் ஆக வேண்டும்.

கடைத்தெரு முடிந்ததும் ஆற்றைக் கடந்து நாகாநோஷிமா தீவு. 1904இல் திறந்த நூலகமும், 1918இல் கட்டி முடித்த செங்கல் மண்டபமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நூலகத்தின் உள்ளே போகக் கட்டணம் இல்லை, குளிரூட்டி உண்டு. ஆகஸ்ட் மாத வெயிலில் அதன் அருமை தெரியும். அங்கிருந்து மிதோசுஜி சாலையில் கிங்க்கோ மரங்களின் கீழே நடந்தால், பொழுது சாயும்போது டோட்டன்போரிக்கு வந்திருப்பீர்கள்.

டோட்டன்போரியில் என்ன செய்வது?

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடும் கிளிகோ மிட்டாய் நிறுவன ஆளின் விளக்குப் பலகைக்கு முன்னால் அதேபோலக் கையைத் தூக்கிப் படம் எடுப்பீர்கள். எடுக்காமல் யாரும் திரும்பியதில்லை. 1935இல் வைத்த முதல் பலகையின் வாரிசு அது. இப்போது இருப்பது 2014இல் வந்த ஆறாவது.

கால்வாய் 1615இல் வெட்டி முடிக்கப்பட்டது. 1985இல் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி வென்றபோது, ஒவ்வொரு வீரரின் பெயரையும் கூவ, அவர் சாயலில் இருந்த ரசிகர் பாலத்திலிருந்து அதில் குதித்தார். அணியின் அமெரிக்க வீரர் ராண்டி பாஸ் போலத் தாடி வைத்த ஆள் கூட்டத்தில் யாரும் இல்லை. அதனால் ஒரு கோழிக்கறிக் கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கிப் போட்டார்கள். அந்த ஆண்டு ஜப்பான் தொடரை வென்ற அணி அதற்குப் பிறகு பல்லாண்டுகள் அதை வெல்லவே இல்லை. கர்னலின் சாபம் என்றார்கள். பொம்மை 2009இல் சேற்றிலிருந்து கிடைத்தது. அடுத்த வெற்றிக்கு 2023 வரை காத்திருந்தார்கள். எங்கள் ஒசாகாத் தோழி இதைச் சிரிக்காமல்தான் சொல்வார். நீங்களும் சிரிக்காமல் கேளுங்கள்.

சத்தம் போதும் என்றானதும் இரண்டு சந்து தள்ளி ஹோசென்ஜி யோகோச்சோவுக்குள் நுழையுங்கள். கல் பாவிய ஒடுக்கமான சந்து. கோடியில் ஃபுதோ மியோஓ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை. வருவோர் எல்லாம் அள்ளி அள்ளித் தண்ணீர் ஊற்றி, முகம் தெரியாத அளவுக்குப் பச்சைப் பாசி மூடிவிட்டது. வரிசையில் நின்று, அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றி, கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சைவம். ஒசாகாவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மறைக்காமல் சொல்கிறேன்: கஷ்டம். இறைச்சி கண்ணுக்குத் தெரியும், விலக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது 'தாஷி'. காய்ந்த மீனையும் கடற்பாசியையும் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. நம் சமையலில் புளியும் பெருங்காயமும் போல எல்லாவற்றிலும் இருக்கும். ஒசாகாவில் பிறந்த கிட்சுனே ஊதோன் என்ற நூடுல்ஸின் மேலே இருப்பது பொரித்த தோஃபுதான். ஆனால் கிண்ணத்தில் இருக்கும் குழம்பு மீன் சாறு. ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் உருண்டையான தகோயாகியிலும், முட்டைக்கோஸ் அடை மாதிரியான ஒகோனோமியாகியிலும் மாவைக் கரைப்பதே தாஷியில்தான்.

என் முதல் ஒகோனோமியாகி நினைவிருக்கிறது. "நிகு நாஷி", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போய் அழகாகச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் முட்டைக்கோஸ் மட்டும் போட்டு, சூடான இரும்புத் தட்டில் திருப்பிப் போட்டார், சாஸ் தடவினார். மனம் நிறைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு டப்பாவைத் திறந்து, மரச் சீவல் மாதிரி எதையோ கைநிறைய அள்ளி மேலே தூவினார். ஆவியில் அது உயிருள்ளது மாதிரி நெளிந்து நெளிந்து ஆடியது. காட்சுவோபுஷி. காய்ந்த மீனின் சீவல். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் இறைச்சி வேண்டாம் என்றேன். மீன் இறைச்சி இல்லையே.

"நிகு மோ, சகானா மோ, காட்சுவோ தாஷி மோ தாபேமாசென்" என்று ஒரு சீட்டில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள். இறைச்சியும் மீனும் மீன் சாறும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். சுற்றும் பெல்ட்டில் சுஷி வரும் கடையில் வெள்ளரிக்காய் சுருளும், நாத்தோ என்ற புளிக்கவைத்த சோயாச் சுருளும் கிடைக்கும். அந்தச் சுற்றும் பெல்ட்டே 1958இல் ஒசாகாவை ஒட்டிய பகுதியில் தொடங்கியதுதான். அவசரத்துக்கு வெறும் உப்புச் சோற்று உருண்டை. ஜப்பானியக் கறிக் குழம்பு செய்யும் மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு இருக்கும். ஊரெங்கும் இந்திய, நேபாள உணவகங்கள் உண்டு. பருப்பையும் நான் ரொட்டியையும் கண்டதும் கண்ணில் நீர் வருவது இயல்பே.

எங்கள் ஜகார்த்தா நண்பருக்குப் பன்றிக் கொழுப்பு ஆகாது. ஆகவே கடை தேர்வது எங்களிடையே ஒரு நாடாளுமன்ற விவாதம். முடிவில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: ஒவ்வொரு வாரமும் ஒருவர் தனக்கு ஒத்துவரும் கடையைத் தேர்வார், மற்றவர்கள் முனகக் கூடாது.

குஷிகாட்சுக் கடையில் 'இரண்டாம் முறை தோய்க்காதே' என்று எழுதியிருக்கிறதே?

ஷின்செகாய் வட்டாரத்தில், சூதென்காகு கோபுரத்தின் கீழே அந்தக் கடைகள்தான் நிறைய. குச்சியில் குத்திப் பொரித்ததைப் பொதுச் சாஸ் பாத்திரத்தில் ஒரு முறைதான் தோய்க்கலாம். கடித்ததைத் திரும்ப உள்ளே விடக் கூடாது. எச்சில் பார்க்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு இது புதிதல்ல. சாஸ் போதவில்லை என்றால், இலவசமாகத் தரும் முட்டைக்கோஸ் இலையால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சாஸ் புட்டிக்குள் போய்விட்டது. தாமரைத் தண்டு, வெங்காயம், அஸ்பாரகஸ் எல்லாம் கிடைக்கும், ஆனால் எண்ணெய் ஒன்றே.

ஒசாகாக் கோட்டை பார்க்கத் தகுந்ததா?

கோபுரத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. 1931இல் கான்கிரீட்டால் கட்டியது. அன்று ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615 போரில் அழிந்துவிட்டது. நான் உள்ளே ஒரே ஒரு முறைதான் போனேன். ஆனால் அகழியும் மதிலும் அப்படியல்ல. அவை தொகுகாவா ஆட்சியில் மீண்டும் எழுப்பியவை. வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே 'தாகோ-இஷி' என்ற ஒற்றைக் கல், ஒரு வீட்டுச் சுவர் அகலத்துக்கு நிற்கும். எடை நூறு டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். இதைக் கடல்வழியே கொண்டுவந்து சேர்த்தவர்களை நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நிற்கலாம். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை.

காசில்லாத மாதக் கடைசியில்?

அபேனோ ஹாருகாஸ் 300 மீட்டர் உயரக் கட்டடம். உச்சிக்குப் போகக் கட்டணம் உண்டு. 16ஆம் மாடித் தோட்டத்துக்குக் கிடையாது. கி.பி. 593இல் நிறுவிய ஷிதென்னோஜி கோயிலில் மாதந்தோறும் 21, 22 தேதிகளில் பழைய பொருட்சந்தை. ஹனோய்த் தோழி அங்கே வாங்கிய கிமோனோவின் விலை எங்கள் மதியச் சாப்பாட்டைவிடக் குறைவு.

ஜப்பானிய மொழி அரைகுறை. சமாளிக்க முடியுமா?

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி. "வதாஷி வா ஒசாகா நி இகிமாஸ்" என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் "நான் ஒசாகாவுக்குப் போகிறேன்" என்றே வரும். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். 'மோ' என்பது நம் 'உம்'. 'வதாஷி மோ' என்றால் 'நானும்'. எங்கள் ஹனோய்த் தோழிக்கு இந்த வரிசை மாதக்கணக்கில் பிடிபடவில்லை. ஆனால் சீனத்திலிருந்து வந்த சொற்களை அவர் காதால் கேட்டே கண்டுபிடிப்பார். கவனம் என்பதற்கு ஜப்பானியத்தில் 'சூயி', வியட்நாமியத்தில் 'சூ இ'. இலக்கணத்துக்கு நான், சொல்லுக்கு அவர் என்று பாதிப் பாதியாகப் பிழைத்தோம்.

வகுப்பில் கற்பது டோக்கியோ வழக்கு. கடைத்தெருவில் கேட்பது வேறு. நன்றிக்கு 'ஓகினி', எவ்வளவு என்பதற்கு 'நான்போ', கூடாது என்பதற்கு 'அகான்'. ஒரு பழக்கடை அம்மாவிடம் "நான்போ?" என்று கேட்டேன். சிரித்து முடித்துவிட்டு ஒரு ஆரஞ்சு கூடுதலாகப் போட்டார்.

இரவில் இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடை-உணவகத்துக்குப் போகலாமா? எதில் கவனம் தேவை?

2022 முதல் 18 வயதிலேயே மேஜர் என்று சட்டம் மாறிவிட்டாலும் மதுவுக்கு வயது 20தான். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது 'ஓதோஷி', இருக்கைக்கான கட்டணம் மாதிரி, பில்லில் சேரும். சண்டை போடாதீர்கள். பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது 'வாரிகான்'. குடிக்காதவரும் சைவரும் சமமாகக் கொடுப்பது அநியாயம் என்று இரண்டாவது முறையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பத்தாவது முறை பேசினால் மனஸ்தாபம் ஆகிவிடும்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

வசிப்பு அட்டை, எப்போதும். கையில் இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அது இருந்தால் பாஸ்போர்ட்டைச் சுமக்க வேண்டியதில்லை. சுற்றுகிற காசுக்குப் பகுதிநேர வேலை பார்ப்பதானால் முதலில் அனுமதி முத்திரை வாங்குங்கள். கல்வி நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான், அதற்கு மேல் விசாவுக்கே ஆபத்து. குப்பைக்கு ஒரு பை. தெருவில் தொட்டி தேடிக் களைத்துப் போவீர்கள்.

கடைசி ரயிலை விட்டுவிட்டால்?

நள்ளிரவை ஒட்டி எல்லாம் நின்றுவிடும். டாக்சியில் புறநகர் வரை போனால் அந்த வாரச் சாப்பாட்டுக் காசு போய்விடும். விடிய விடிய திறந்திருக்கும் கராவோகே அறையில் நால்வரும் பங்கு போட்டுத் தூங்கலாம்; அங்கே பாடுகிறவர்கள் எங்களைப் போன்ற புது ஆட்கள்தான்.

நவம்பரில் ஒரு முறை அதற்கும் காசில்லாமல் நம்பாவிலிருந்து உமேதா வரை மிதோசுஜியில் நடந்தோம், நான்கு கிலோமீட்டர். பகலில் வரிசை வரிசையாக வண்டி ஓடும் சாலையில் ஒரு பூனை நிதானமாகக் குறுக்கே போனது. மிதிபட்ட கிங்க்கோப் பழங்களின் நாற்றம் காலணியில் ஏறிக்கொண்டது; இரண்டு நாள் போகவில்லை. முதல் ரயில் ஐந்து மணியளவில். ஏறியதும் தூங்கிவிடாதீர்கள். வடக்கே போகும் மிதோசுஜி மெட்ரோ வண்டிகளில் சில 2024 முதல் மினோ-கயானோ என்ற கடைசி நிலையம் வரை ஓடுகின்றன. எங்கள் நால்வரில் மூவர் அங்கே போய்த்தான் கண்விழித்தோம். ஒசாகாத் தோழி தன் நிலையத்தில் சரியாக இறங்கிப் போயிருந்தார், எங்களை எழுப்பாமல்.